மலைநாட்டில் ஒரு கியர்ப் பெட்டி மாற்றம்

நமது கல்லூரியின் யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, விடுதிச் சோற்றையும் விளையாட்டு மைதானத்தையும் பற்றி எழுதுவோர் பலர் இருப்பர் என எண்ணினேன். தேயிலைத் தொழிற்சாலை யந்திரங்களுடன் என் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் கழித்தவனாதலின், யந்திர விஷயம் ஒன்றையே எழுதத் துணிந்தேன். பழுதுற்ற தன்னியக்கக் கியர்ப் பெட்டியை எடுத்துவிட்டு, வேறொரு வண்டியின் பெட்டியை அவ்விடத்திற் பொருத்தும் வேலையே ஈண்டு விளக்கப்படுவது. இதனை யான் ஒருமுறை பிழையாகவும் ஒருமுறை சரியாகவும் செய்வித்தவன். எனவே இரண்டையும் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை அரசாங்கம் மோட்டார் வண்டி இறக்குமதியை இடைநிறுத்தியது. தனியார் வண்டிகளுக்கு அத்தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளிலும் நாட்டில் இருந்த வண்டிகளே ஓடவேண்டியிருந்தன. பழைய வண்டி கிழவனைப் போல மதிப்பிழக்கும் என்பது உலக வழக்கு. நம் நாட்டிலோ அது பழைய நெல்லைப் போல விலையேறியது. பழுதுற்றதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவோம் என்ற பேச்சுக்கே அக்காலத்தில் இடமில்லை. கொழும்பிலே பஞ்சிகாவத்தைக் கடைகளில், யப்பானில் உடைக்கப்பட்ட வண்டிகளின் உறுப்புக்களைத் தேடி அலைந்தோர் தொகை பெருகிற்று. யப்பானியரும் நம்மைப்போல வீதியின் இடப்பக்கத்தால் வண்டி செலுத்துவோர். அவர்கள் கழித்தவை மாற்றமின்றி நமக்குப் பொருந்துவதற்கு இதுவே முதற் காரணம்.

என்னிடம் இருந்தது 2003ஆம் ஆண்டு ரொயோட்டா கொறொல்லா, பலரும் '121' என வழங்கும் வகை. யான் வசிப்பது நோர்வூட்டுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில். இரவிலே தோட்டத்தில் யாருக்கேனும் நோய் கடுமையானால் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போகவேண்டும். என் கார் அவ்வகையில் அரைவாசி ஊர்ச்சொத்து. நள்ளிரவில் கதவைத் தட்டி, "ஐயா, கொஞ்சம் வண்டி எடுக்கணுங்க" என்று யாரும் கூப்பிட்டால் மறுத்த வழக்கம் எனக்கில்லை.

2021இல் ஒருநாள் கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். கித்துள்கலையில், களனி கங்கைக் கரையில் நின்றபோது வெயில் புழுங்கிற்று. அங்கிருந்து கினிகத்தேனை, வட்டவளை வழியாக ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹற்றனை நோக்கி வீதி வளைந்து வளைந்து ஏறுகிறது. கினிகத்தேனைக்கு மேலே ஒரு வளைவில் எஞ்சின் உறுமியது, வண்டியோ ஊர்ந்தது. சற்று நேரத்தில் ஊர்வதும் நின்றது. எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தேன். மாதுளஞ்சாறு போல இருக்கவேண்டிய எண்ணெய் தேயிலைச் சாயம்போலக் கறுத்து, தீய்ந்த நாற்றம் வீசியது. உண்மையைச் சொல்வதாயின், அதற்கு முந்திய ஆறு ஆண்டுகளாக அவ்வெண்ணெயை யான் மாற்றவேயில்லை. எஞ்சின் எண்ணெயைத் தவறாது மாற்றுபவர்கள் கூடக் கியர்ப் பெட்டிக்கும் ஓர் எண்ணெய் உண்டென்பதை மறந்துவிடுகின்றனர்.

அப்பெட்டிக்குள் நடப்பது யாதென இனிக் கூறுவேன். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். அங்கே ஒரே எஞ்சின், கூரையோரமாகச் செல்லும் நெடுந்தண்டு ஒன்றைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து வார்ப்பட்டிகள் இறங்கிக் கொழுந்து உருட்டும் யந்திரம், சல்லடை, விசிறி ஆகியவற்றை இயக்கும். பெரிய கப்பி பூட்டிய யந்திரம் மெதுவாகவும் வலுவாகவும் சுழலும். சிறிய கப்பி பூட்டியது விரைவாகவும் வலுக்குறைந்தும் சுழலும். வேகத்தை விற்று வலுவை வாங்குகிறோம். பௌதிக வகுப்பிலே நெம்புகோலைப் பற்றி நம் ஆசிரியர் கூறியதும் இதுவே. என் காரில் இருந்தது யூ 340 ஈ என்னும் நான்கு வேகப் பெட்டி. அதன் முதற் கியரில் எஞ்சின் 2.847 முறை சுழல, வெளிச்செல்லும் பற்சக்கரம் ஒருமுறை சுழலும். நாலாம் கியரில் 0.700 முறை சுழல, ஒருமுறை சுழலும். அதற்குப் பின்னரும் சில்லுக்குச் செல்லுமுன் இறுதிப் பற்சக்கரச் சோடி ஒன்று உண்டு. அதனைப் பற்றிப் பின்னர் பேசவேண்டியிருக்கும்.

கைக் கியர் வண்டியில் சாரதி கிளச்சை மிதித்துப் பற்சக்கரங்களை மாற்றுகிறான். தன்னியக்கப் பெட்டியிலோ பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கும். நடுவே ஒரு சூரியச் சக்கரம், அதனைச் சுற்றிச் சில கோட்சக்கரங்கள், அவற்றை வளைத்து ஒரு வளையச் சக்கரம் என்பது அதன் அமைப்பு. இவற்றுள் எதனைப் பிடித்து நிறுத்துகிறோம், எதனைச் சுழலவிடுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் மாறும். பிடிப்பதும் விடுவதும் எண்ணெய் அமுக்கத்தால் நெருக்கப்படும் மெல்லிய உராய்வுத் தட்டுக்களின் வேலை. அமுக்கம் குறைந்தால் தட்டு வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் எண்ணெய் கெடும், எண்ணெய் கெட்டால் மேலும் வழுக்கும். என் வண்டிக்கு நேர்ந்த கதி இதுவே.

எஞ்சினுக்கும் பெட்டிக்கும் இடையே கிளச்சின் இடத்தில் இருப்பது, கராச்காரர் 'கொன்வேட்டர்' என வழங்கும் முறுக்குமாற்றி. கொழுந்து வாட்டும் தொட்டிக்குக் காற்றூதும் மின்விசிறிக்கு எதிரே, மின் இணைப்பில்லாத இன்னொரு விசிறியை வைத்தால் அதுவும் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை நிரப்பி, இரு விசிறிகளையும் ஒரு மூடிய ஓட்டுக்குள் அடைத்து, திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றிவிட இடையே மூன்றாவது சக்கரம் ஒன்றை வைத்தால் அது முறுக்குமாற்றி. ஹேர்மன் பெட்டிங்கர் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் மனத்தில் இருந்தது கப்பல், கார் அன்று. முழுவதும் தானாகவே கியர் மாறும் பெட்டி பெருந்தொகையாகக் கார்களில் இடம்பெற்றது 1939இல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபைல் வண்டியிலாகும்.

மலைநாடு இப்பெட்டிகளுக்கு ஏன் கொடியது? சமவெளியில் வேகம் பிடித்ததும் முறுக்குமாற்றியினுள் ஒரு பூட்டு விழுந்து, இரு விசிறிகளும் ஒன்றாகச் சுழலும். அப்போது எண்ணெயில் வலு விரயமாகாது. இறம்பொடை ஏற்றத்திலும் வட்டவளை ஏற்றத்திலும் மெதுவாக ஏறும்போது பூட்டு விழுவதில்லை. ஒரு விசிறி வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல, அவ்வேறுபாடு முழுவதும் சூடாக எண்ணெயில் இறங்குகிறது. குளிர்காற்று வீசும் நுவரெலியாவில் எண்ணெய் எப்படிக் கொதிக்கும் எனச் சிலர் கேட்பர். வெளியே போர்வை போர்த்திக்கொள்ளும் குளிர் இருந்தாலும் 1,868 மீற்றர் உயரத்துக்கு ஏறிய களைப்பு எண்ணெய்க்கு உண்டு.

அன்று கினிகத்தேனையில் நேர்ந்ததற்கு வருவோம். அவ்வழியே வந்த லொறிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துத் தர முன்வந்தார். நன்றியுடன் இசைந்தேன். அது பிழை. பெட்டிக்குள் எண்ணெயைச் செலுத்தும் பம்பு எஞ்சினாலேயே சுழல்கிறது, சில்லுகளால் அன்று. எஞ்சின் நிற்க, முன்சில்லுகள் வீதியில் உருண்டால் பெட்டியினுள்ளே பற்சக்கரங்கள் எண்ணெயின்றி உலர்ந்து தேயும். கொறொல்லா முன்சில்லுகளால் ஓடும் வண்டி. அதன் முன்சில்லுகளை நிலத்திலிருந்து தூக்கியே இழுத்திருக்க வேண்டும். எரிந்த தட்டுக்களோடு இருந்த பெட்டி, வீடு வந்து சேர்ந்தபோது அரைபட்ட இரும்புத் தூளோடு இருந்தது.

பழுது பார்ப்பதிலும் பார்க்க வேறு பெட்டி போடுவதே மலிவு என்றனர். மலைநாட்டிலே சிலர் மூன்றாவது வழியொன்றும் கூறினர்: தன்னியக்கத்தை விட்டுக் கைக் கியர்ப் பெட்டி பூட்டுதல். அது செய்யக்கூடியதே. ஆனால் கிளச் மிதி, அதற்கான எண்ணெய்க் குழாய், கனத்த சுழல்சக்கரம், கியர்க் கம்பிகள், கணினிப் பெட்டி என ஒன்றன்பின் ஒன்றாக வாங்கவேண்டும். அன்றியும் என் இடது முழங்கால் இனிக் கிளச் மிதிக்க மறுக்கிறது. ஆதலால் தன்னியக்கப் பெட்டியே தேடினோம்.

எந்த வண்டியின் பெட்டி எந்த வண்டிக்குப் பொருந்தும்? வண்டியின் பெயரைப் பார்த்து விடை காண இயலாது. எஞ்சின் அறையின் பின்சுவரிலோ கதவுத் தூணிலோ ஒரு சிறு தகடு அறையப்பட்டிருக்கும். அதில் கியர்ப் பெட்டியின் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அதுவே முதற் சான்று. என் காரின் எஞ்சின் 1 என்.இசட்.-எவ்.ஈ. என்னும் 1,500 கனசென்ரிமீற்றர் வகை. அதே எஞ்சினும் அதே குறியீட்டுப் பெட்டியும், மரக்கறி வியாபாரிகளுக்குப் பிரியமான புறொபொக்ஸ் வண்டியிலும் வந்துள்ளன. ஆயின் அதே எஞ்சினோடு பின்னர் வந்த கொறொல்லா அக்சியோ '141' வண்டியில் இருப்பதோ முற்றிலும் வேறானது. அதில் நான்கு கியர்கள் இல்லை. இரு கூம்புக் கப்பிகளுக்கிடையே உருக்குப் பட்டியொன்று ஏறி இறங்கி வேகத்தை மாற்றுகிறது. அதற்கு எண்ணெயும் வேறு, கணினியும் வேறு. எஞ்சின் ஒன்றுதானே என்று அதனை வாங்கிவருவோர் பெட்டியைத் திண்ணையில் வைத்து அழகு பார்க்கலாம். நாலு சில்லாலும் இழுக்கும் வகைக்கு யூ 340 எவ் என்னும் பெட்டி. குறியீட்டின் ஈற்றெழுத்து ஒன்றே வேறு, அதுவும் கொறொல்லாவுக்கு ஆகாது. பிறியஸ், அக்குவா முதலிய கலப்பின வண்டிகளில் உள்ளவற்றை ஈண்டு எடுத்துப் பேசவே வேண்டியதில்லை.

முதலாவது பெட்டி வந்தது. ஒரு கராசில் அதனைப் பூட்டினர். வண்டி அழகாக ஓடிற்று. மூன்று மாதம் கழியுமுன், ஒரு மழையிரவில், பிரசவ வேதனையுற்ற பெண்ணொருத்தியை ஏற்றிக்கொண்டு டிக்கோயாவை நோக்கிச் சென்றேன். நோர்வூட்டைக் கடந்ததும் ஓர் ஏற்றத்தில் எஞ்சின் உறுமியது, வண்டி நின்றது. கினிகத்தேனையிற் கேட்ட அதே ஓசை. பின்னே வந்த முச்சக்கர வண்டிக்காரர் அப்பெண்ணையும் அவள் தாயையும் ஏற்றிச் சென்றார். வைத்தியசாலையில் ஆண் குழந்தை பிறந்தது, இருவரும் நலம். இருளில் வீதியோரம் தனித்து நின்ற அவ்வரைமணி நேரத்தை யான் மறக்கவில்லை.

காரணம் பின்னர் தெரிந்தது. கியர்ப் பெட்டியின் எண்ணெய், இரு குழாய்கள் வழியாக றேடியேற்றரின் அடித்தொட்டிக்குள் உள்ள ஒரு குளிர்ப்பானுக்குச் சென்று ஆறித் திரும்புகிறது. பழைய பெட்டி அரைபட்டபோது எழுந்த தூள் எல்லாம் அக்குளிர்ப்பானில் தங்கியிருந்தது. பெட்டியை மாற்றினர், குளிர்ப்பானைக் கழுவவில்லை. கழுவினீர்களா என யானும் கேட்கவில்லை. புதிய பெட்டி முதல் நாளிலேயே பழைய பெட்டியின் தூளைக் குடித்தது. குளிர்ப்பானையும் குழாய்களையும் கழுவித் தூய எண்ணெய் ஓடும்வரை வழியவிடுவது சிறு வேலை; ஐயம் இருப்பின் றேடியேற்றரையே மாற்றிவிடுதல் உத்தமம். குளிர்ப்பான் உள்ளே ஓட்டை விழுந்தால் வேறொரு கேடும் உண்டு: நீர் எண்ணெயிற் கலந்து, பால்விட்ட இளஞ்சிவப்பு நிறமாகி, உராய்வுத் தட்டுக்களின் பசையைக் கரைத்துவிடும். அந்நிறம் கண்டால் வண்டியை ஓட்டாது நிறுத்தவேண்டும்.

இரண்டாம் முறை வேலை ஹற்றனுக்கு அண்மையில், அடக்கமான ஒரு மெக்கானிக்கிடம். அவர் செய்தவற்றை அருகிருந்து பார்த்தேன். புறொபொக்ஸ் வண்டியின் பெட்டி வந்ததும் பூட்ட முற்படாமல், பலகை மேல் இரு பெட்டிகளையும் அருகருகே வைத்தார். மின் இணைப்புச் செருகிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பெட்டியைத் தாங்கும் கைகளையும் கியர்க் கம்பி பிடிக்கும் தகட்டையும் பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் புதியதில் மாற்றினார். எண்ணெய்த் தட்டைத் திறந்து காந்தத்தைப் பார்த்தார். அதில் மெல்லிய சாம்பல்நிறக் குழம்பு படிந்திருந்தது. "இது வயசுக்கு உள்ளதுங்க ஐயா; சில்லுச் சில்லா இரும்பு இருந்தாத்தான் பயம்" என்றார்.

முறுக்குமாற்றியைப் பெட்டியில் ஏற்றும் இடமே இவ்வேலையில் மிகவும் நுட்பமானது. விசிறித் தண்டு, நடுச்சக்கரத் தண்டு, பம்பின் பற்கள் ஆகிய மூன்றிலும் அது தனித்தனியே கோத்து அமரவேண்டும். மெல்லச் சுழற்றிக்கொண்டே தள்ளினால் ஒவ்வொன்றாக உள்ளே விழுவது கையில் தெரியும். மூன்றாவது விழாதிருக்கும்போதே பெட்டியை எஞ்சினோடு சேர்த்து ஆணிகளால் இறுக்கினால், அவ்விறுக்கமே பம்பை உடைத்துவிடும். எஞ்சினைத் தொடக்குமுன்னரே பெட்டி பாழ். சேர்த்தபின், ஆணி முடுக்குமுன், முறுக்குமாற்றிக்கும் எஞ்சின் தகட்டுக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்து அது கையால் சுழலவேண்டும். சுழலாவிடின் திரும்பக் கழற்றவேண்டியதே.

இறுதிப் பற்சக்கரத்தைப் பற்றிப் பின்னர் பேசுவதாகச் சொன்னேன். குறியீடு ஒன்றாயினும் வண்டிக்கு வண்டி இதன் விகிதம் வேறுபடலாம். பாரம் ஏற்றும் வண்டிக்கு வலு மிகுதியாக வைப்பர். விகிதம் மாறினால், பெட்டியிலிருந்து வேகத்தைக் கணிக்கும் வண்டியில் வேகமானி பொய் சொல்லும். சில்லிலிருந்து கணிக்கும் வண்டியில் அது மெய்யே சொல்லும், எஞ்சின் சுழற்சி மட்டும் கூடிக் குறையும். ஆகையால் பூட்டியபின் சமமான வீதியில், முன்னர் அறிந்த ஒரு வேகத்தில், எஞ்சின் சுழற்சி பழையபடி உள்ளதா எனப் பார்த்தோம்.

எண்ணெய் அளவு பார்ப்பதிலும் மலைநாட்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. எண்ணெய் சூடேறியபின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கைபிடியை எல்லா நிலைகளிலும் ஒருமுறை நகர்த்தி 'பி'யில் வைத்து, சமநிலத்தில் பார்க்கவேண்டும். சமநிலத்துக்கு எங்கே போவது? என் வீட்டு வாசலும் சரிவு, கராச் வாசலும் சரிவு. ஈற்றில் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கும் முற்றத்துக்குச் சென்றோம். சரிவில் நின்று அளந்து எண்ணெயைக் கூட்டியும் குறைத்தும் ஊற்றிய வண்டிகள் இப்பகுதியில் எத்தனையோ!

இனி இறக்கம். கைபிடி 'டி'யில் இருக்கும்போது முதற் கியரை ஒருவழிக் கிளச் ஒன்று பிடிக்கிறது; சைக்கிளின் பின்சில்லிலுள்ள பிறீவீல் போன்றது. எஞ்சின் சில்லைத் தள்ளும். சில்லு எஞ்சினைத் தள்ளினால் அது வெறுமனே சுழன்றுவிடும். ஆதலால் அந்நிலையில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்த உதவாது. 'எல்'லுக்கு மாற்றினால் உள்ளே வேறொரு பிடி விழுந்து, இறக்கத்தில் எஞ்சினே வண்டியை அடக்கும். இது விழாத பெட்டி சமவெளியில் குறையின்றி ஓடும். நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும்போது பிறேக்கை மட்டுமே நம்பிச் செல்லும். பிறேக் சூடேறிப் பிடிக்காதுபோனால் அடுத்த வளைவில் பள்ளத்தாக்கு. ஆகவே பழைய பெட்டி வாங்கிப் பூட்டியவர், பயணிகளின்றி, சிறு இறக்கமொன்றில், மிகவும் மெதுவாக இதனைச் சோதித்தல் வேண்டும். 'டி'யில் உருளும் வண்டி 'எல்'லில் தயங்கி முனகவேண்டும். எங்கள் வண்டி முனகிற்று. அம்முனகல் அன்று எனக்கு நாதஸ்வரம்.

கைபிடியோடு இணைந்த மின்னாளி சரியாக அமைந்ததா என்பதையும் பார்த்தோம். 'பி'யிலும் 'என்'னிலும் மட்டுமே எஞ்சின் தொடங்கவேண்டும். வேறு நிலையில் தொடங்கினால் வண்டி பாயும். 'பி'யில் வண்டியைத் தாங்குவது உள்ளே உள்ள ஒரு சிறு பல் மாத்திரமே. சரிவில் நிறுத்துவோர் முதலில் கைப்பிறேக்கை இழுத்து, வண்டியின் பாரம் அதில் இறங்கியபின் 'பி'யில் வைப்பராயின் அப்பல் நெடுநாள் உழைக்கும். சில்லுக்குக் கல் வைக்கும் நம் தோட்டத்து வழக்கத்தையும் யான் பழிக்கமாட்டேன்.

பெட்டி மாறிய பின்னர் முதல் ஆயிரம் கிலோமீற்றரில் எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றினோம். ஒருமுறை வடித்தால் பாதியளவே, ஏறக்குறைய மூன்று லீற்றர், வெளிவரும். மிகுதி முறுக்குமாற்றிக்குள் தங்கிவிடும். அதனாற் சில வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை வடித்தோம். இரண்டாம் முறை வடித்த எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார் மெக்கானிக். சிவப்பு மாறவில்லை. அன்றிரவே கதவு தட்டப்பட்டது. பாம்பு கடித்த ஒருவரை ஏற்றிக்கொண்டு, நோர்வூட்டைக் கடந்த அதே ஏற்றத்தில், முன்னர் நின்ற அதே இடத்தைத் தாண்டிச் சென்றோம்.